சந்தியில் நிற்கும் சிறுவன்: ‘ஜகாட்’ திரைப்படமும் சிம்பாங் ரெங்கம் என்னும் பெயரும்

மலேசியத் தமிழர் பேச்சில் சில ஊர்ப்பெயர்கள் ஊரைக் குறிப்பதினின்றும் விலகி நெடுநாளாயிற்று. தஞ்சோங் ரம்புத்தான் என்றால் மனநல மருத்துவமனை. புடு என்றால் சிறை. கோலாலம்பூரின் அந்தப் பழைய கட்டடம் இடிக்கப்பட்ட பின்னரும் சொல் நிற்கிறது. காமுண்டிங் என்றால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். இவ்வரிசையில் ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கமும் ஒன்று. ‘பையன் சிம்பாங் ரெங்கத்தில் இருக்கிறான்’ என்று ஒரு தாய் சொன்னால், அங்கே அவனுக்கு என்ன வேலை என்று எவரும் கேட்டதில்லை. எப்போது வருவான் என்றே கேட்டனர். அவ்வினாவுக்குத் தாயிடமும் விடை இருந்ததில்லை.

ஊருக்கு இது நேர்ந்த அநீதி என்றே கூற வேண்டும். குளுவாங் மாவட்டத்தில், கூட்டரசு முதலாம் எண் சாலையில், ஆயர் ஈத்தாமுக்குத் தெற்கே அமைந்த சிறுநகரம் அது. செம்பனைத் தோட்டங்களும் அன்னாசி நிலங்களும் சூழ்ந்த வட்டாரம். கிழக்கே இரயில் நிலையத்தையுடைய ரெங்கத்துக்குப் பிரியும் வழி இங்கிருப்பதால் அப்பெயர். மலாயில் சிம்பாங் என்பது சந்தி, பிரிவழி. ஆயினும் ‘சிம்பாங் ரெங்கம் நல்லொழுக்கப் புனர்வாழ்வு மையம்’ என்னும் தடுப்புக்காவல் நிலையம், ஊரின் மற்ற அடையாளங்களையெல்லாம் விழுங்கிவிட்டது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி, 2015 டிசம்பரில் வெளிவந்து, 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்ற ‘ஜகாட்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் கதைக்களம் சிம்பாங் ரெங்கம் அன்று. எனினும் அப்படத்தை அவ்வூர்ப்பெயரின் நிழலில் வைத்துப் பார்க்கும்போதே அதன் உட்பொருள் முழுமையாகத் துலங்குகிறது என்பது நம் கருத்து. இளையோருக்குப் பாதுகாப்பும் வேண்டும், துணிந்து தம்மைச் சோதித்துக்கொள்ளும் வாய்ப்பும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தர இயலாத சமூகம், முன்னதை அப்பனிடமும் பின்னதைக் குண்டர் கும்பலிடமும் ஒப்படைத்துவிடுகிறது. இப்படத்தை நாம் இவ்வாறே வாசிக்கிறோம். படம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் அதே வாசிப்பின்வழிச் சுட்ட விழைகிறோம்.

ஒரு சொல்லின் கொடுமை

1990களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் வாழும் ஒரு குடும்பம். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போய். குறும்பன், கற்பனை வளமுடையவன். தந்தை மணியம் கண்டிப்பானவர்; மகன் படித்து முன்னேற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. தந்தையோடு பிறந்தவர் இருவரில் ஒருவர் கும்பலில் இருப்பவர்; மற்றவர் போதைப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவர். இம்மூவருக்கும் இடையே சிறுவன் வளர்கிறான். படம் முடியும் தறுவாயில் அவன் எத்திசை நோக்கித் திரும்பியிருக்கிறான் என்பதில் பார்வையாளருக்கு ஐயம் எழுவதில்லை.

படத்தின் பெயர் ‘ஜாஹாட்’ என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் உச்சரிப்பு. தீயது, கெட்டது என்பது அதன் பொருள். தோட்டப்புறத் தமிழில் இச்சொல் பாத்திரத்தை உடைத்த பிள்ளைக்கும் ஆகும். பாராங்கத்தி தூக்கிய ஆளுக்கும் ஆகும். இயக்குநர் இதைத் தலைப்பாக்கியதில் நுட்பமானதொரு கண்டுபிடிப்பு உள்ளது. தமிழில் குறும்பு, துடுக்கு, துணிச்சல், முரட்டுத்தனம், போக்கிரித்தனம், கயமை எனப் படிப்படியாக ஏறும் சொல்வரிசை உண்டு. ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்ட அவ்வரிசை உதவும். துணிச்சல் அதில் பழிச்சொல்லன்று. அப்போயைச் சுற்றியுள்ளோர் நாவில் அவ்வரிசை ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. மரத்தில் ஏறினாலும் ஜகாட், எதிர்க்கேள்வி கேட்டாலும் ஜகாட், திருடினாலும் ஜகாட். எல்லாவற்றுக்கும் ஒரே பெயரும் ஒரே அடியும் என்றாகும்போது, முதற்படியில் நிற்பதற்கும் கடைசிப் படியில் நிற்பதற்கும் சிறுவனுக்கு வேறுபாடு தெரியாமற்போகிறது.

இதற்காகத் தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட முடியுமா? படத்தைக் கண்ட இளங்கலை மாணவர் பலர் நம்மிடம் அவ்வாறே கூறினர். நாம் அவர்களோடு உடன்படவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டோ மேம்பாட்டுக்கு விற்கப்பட்டோ வெளியேறிய குடும்பத்திடம் நிலமில்லை, வீடில்லை, சேமிப்புமில்லை. பல தலைமுறை உழைப்புக்குப் பின் எஞ்சியது பிள்ளையின் பள்ளிப்படிப்பு ஒன்றே. இருக்கும் ஒரே முதலைப் பணயம் வைக்க எவருக்கு மனம் வரும்? வசதியுள்ள வீட்டில் ஒரு மகன் தவறினால் அது அனுபவம். மணியத்தின் வீட்டில் தவறினால் அது முடிவு. அவருடைய கடுமை அச்சத்தின் மறுவடிவம். அவ்வச்சத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் அவர் மகனுக்கு அச்சத்தைக் கொடுத்தாரேயன்றி, எதற்கு அஞ்ச வேண்டும், எவ்வளவு அஞ்ச வேண்டும் என்னும் கணக்கைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கும் அதை எவரும் சொல்லித்தந்திருக்க வாய்ப்பில்லை.

கும்பலோ அக்கணக்கை வேறு விதத்தில் சொல்லித்தருகிறது. இதைக் கூறுவதில் நமக்குத் தயக்கம் உண்டு; எனினும் திறனாய்வாளன் கண்டதைச் சொல்லியாக வேண்டும். கும்பல் என்பது ஒரு பயிற்சிக்கூடம். அங்கே வயதுக்கேற்ற வேலை தரப்படுகிறது. முதலில் காவல் நிற்பது, பின்னர் பொருளைக் கைமாற்றுவது, பின்னர் அடிதடி. பட்டப்பெயர் கிடைக்கிறது. துணைக்கு ஆள் இருக்கிறது. செய்து முடித்ததைப் பாராட்ட மூத்தவன் ஒருவன் இருக்கிறான். பள்ளியும் வீடும் ‘செய்யாதே’ என்று சொன்ன வயதில், ‘உன்னால் முடியும், செய்’ என்று சொல்லும் முதற்குரல் அங்கிருந்து வருகிறது. ஒரு நல்ல மலையேற்றப் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டிய இயல்புகள் பலவும் கும்பல் தலைவனிடம் இருக்கின்றன. ஒன்றுதான் இல்லை: திரும்பி வரும் வழி.

வள்ளுவர் வகுத்த அளவு

தமிழ் மரபு இச்சிக்கலை அறியாததன்று. திருக்குறள் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்கள் தொடர்ந்து வருகின்றன. அவை அரசியல் இயலைச் சேர்ந்தவை. உரையாசிரியர் அவற்றை அரசனுக்குரியவையாகவே கொள்வர். ஆயினும் ஒரு செயலில் இறங்குமுன் எதை எண்ண வேண்டும், தன் வலிமை எவ்வளவு, எந்தக் காலம், எந்த இடம் என்னும் நான்கு வினாக்களும் ஆற்றில் குதிக்க நிற்கும் சிறுவனுக்கும் உரியவையே. வலியறிதலில் மரக்கிளை ஏறுபவனைப் பற்றிய குறள் ஒன்றுண்டு. அங்கே வள்ளுவர் ஏறியதைக் குறை கூறவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நுனிவரை ஏறலாம், கிளை முடிந்த இடத்தில் ஊக்கமும் நிற்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

அதே வள்ளுவர் படைச்செருக்கில் எளிய இலக்கை வீழ்த்தியவனைவிட, யானைமீது எறிந்து குறி தப்பியவனை உயர்த்திப் பேசுகிறார். அறிவுடைமையிலோ அஞ்சத் தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் செயலாகவே வைக்கிறார். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முரண்போலத் தோன்றும். முரணன்று. பெரிய இலக்கை நாடுவதும், அஞ்ச வேண்டியதை அஞ்சுவதும், கிளையின் எல்லையில் நிற்பதும் ஒரே மனிதனிடம் இருக்கக்கூடிய பண்புகளாகவே அவர் கருதியிருக்கிறார். நம் பள்ளி மேடைகளில் இக்குறள்களைத் தனித்தனியே ஒப்பிக்கச் செய்கிறோம். சேர்த்துக் கற்பிப்பதில்லை.

கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவலும் இங்கே எண்ணத்தக்கது. அங்கே உண்மையான ஆபத்து உண்டு. குருதியும் குடரும் சாவும் ஒளிவுமறைவின்றிப் பாடப்படுகின்றன. காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை ஆயமகள் விரும்பாள் என்னும் அளவுக்கு அச்சமூகம் துணிவை மதித்தது. ஆனால் அது நள்ளிரவில் ஒளிந்து செய்யும் செயலன்று. தொழு என்னும் வரையறுத்த களம், பரண்மீது மகளிர், சுற்றிலும் ஊரார், முடிந்தபின் குரவை. ஆபத்து ஊரறிய நிகழ்ந்தது. அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவது நம் நோக்கமன்று; பெண்ணை வெற்றிப் பரிசாக்கிய வழக்கத்தை இன்று எவரும் வேண்டார். களமும் சான்றோரும் இருந்தனர் என்பதையே சுட்டுகிறோம்.

அண்மைக் காலச் சான்றும் உண்டு. 1997 மே 23ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்த முதல் மலேசியர் இருவர்: எம். மகேந்திரன், என். மோகனதாஸ். இருவரும் நம் சமூகத்தினர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அப்பெருமையை நாம் பெரும்பாலும் கொடியோடும் உச்சியோடும் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு முந்திய ஆண்டு, 1996 மே 10, 11ஆம் நாள்களில், அதே மலையில் புயலில் சிக்கி எட்டு மலையேறிகள் மாண்டனர். அன்று பிற்பகல் 2 மணிக்குள் உச்சியை அடையாதோர் திரும்பிவிட வேண்டும் என்னும் வரையறை பேசப்பட்டிருந்தும் பலர் அதைக் கடந்து ஏறினர். தேர்ந்த வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். கிளை முடிந்த இடத்தில் ஊக்கம் நிற்கவில்லை. அச்செய்தியை உலகமே அறிந்திருந்த மறு ஆண்டில் ஏறச் சென்றவர்கள் நம்மவர் இருவரும். பல ஆண்டுப் பயிற்சி, குழு, செர்ப்பாக்களின் துணை, உயிர்வளிக் கலன், வானிலைக் கணிப்பு, இன்ன நேரத்தில் திரும்புதல் என்னும் கணக்கு: இவையனைத்தும் சேர்ந்தே அத்துணிவு. அப்போயின் தலைமுறைக்குச் சரியாகப் பொருந்தும் காலத்தில் இவ்வெற்றி நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது. 1990களின் தொடக்கத்தில் பன்னிரண்டு வயதாயிருந்தவன் 1997இல் பதினெட்டைத் தொட்டிருப்பான். தொலைக்காட்சியில் அக்காட்சியை அவன் எங்கிருந்து பார்த்திருப்பான் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

பாதுகாப்பு யாருக்கு?

அவன் அதைச் சிம்பாங் ரெங்கத்தில் இருந்து பார்த்திருக்கவும் கூடும். 1969 மே 13 கலவரத்தை அடுத்து இயற்றப்பட்ட அவசரகாலப் பொது ஒழுங்கு, குற்றத்தடுப்புச் சட்டத்தின்கீழ், ஒருவரை விசாரணையின்றி 60 நாள் காவல்துறை வைத்திருக்கலாம்; பின்னர் உள்துறை அமைச்சர் ஈராண்டுத் தடுப்பாணை பிறப்பிக்கலாம்; ஈராண்டு முடிந்ததும் புதுப்பிக்கலாம். கலவரத்துக்காகப் பிறந்த சட்டம் காலப்போக்கில் குண்டர்கள் என ஐயுறப்பட்டோருக்கான சட்டமாயிற்று. அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் சிம்பாங் ரெங்கம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2006இல் இச்சட்டத்தைக் குறித்து அறிக்கை வெளியிட்டு, காவலில் இருந்தோர் மோசமாக நடத்தப்பட்டதையும் பதிவு செய்தது. ‘விசாரணைக்கு முன்பே குற்றவாளிகள்’ என்னும் கருத்துப்பட அமைந்தது அதன் தலைப்பு.

2011இல் நெருக்கடிநிலைப் பிரகடனங்களை நீக்க நாடாளுமன்றம் தீர்மானித்ததைத் தொடர்ந்து இச்சட்டம் மறு ஆண்டு காலாவதியாயிற்று. அடைபட்டோர் வெளிவந்தனர். 2013இல் நாட்டில் துப்பாக்கிச்சூடுகள் தொடர்ந்தன. உள்துறை அமைச்சு சட்டவிரோதக் கும்பல்கள் 49ஐப் பெயர்சொல்லி அறிவித்தது. உறுப்பினர் ஏறத்தாழ 40,000 பேர் எனவும், அவருள் எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இந்தியர் எனவும் அப்போது கூறப்பட்டது. அதே ஆண்டில் 1959ஆம் ஆண்டுக் குற்றத்தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையின்றி ஈராண்டு அடைத்துவைக்கும் அதிகாரம் வேறு வாயில்வழியே மீண்டது. நாட்டு மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டையும் எட்டாத சமூகத்துக்கு எழுபது விழுக்காடு என்பது எத்தகைய எண்! அவ்வெண்ணை அச்சத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னோம். அந்த இளைஞர்கள் அங்கே எதைத் தேடிப் போயினர் என்னும் வினாவை அரிதாகவே எழுப்பினோம். பணம் ஒரு காரணம். வறுமை ஒரு காரணம். தன்னைத் தான் சோதித்தறியும் வேட்கையும் ஒரு காரணம் என்று எழுதினால் குண்டர்தனத்துக்கு நியாயம் கற்பிப்பதாகிவிடுமோ என்று எழுத்தாளர்கள் அஞ்சியிருக்கலாம். ‘ஜகாட்’ அந்த அச்சத்தைத் தாண்டியது. அதுவே அப்படத்தின் சிறப்பு.

அடைத்தல் ஒரு வகைப் பாதுகாப்பு என்றால், முகாம் மற்றொரு வகை. 2004இல் அரசு தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சித் திட்டம் பதினெட்டு வயதினரை ஏறத்தாழ மூன்று மாதம் காட்டோரமுகாம்களில் சேர்த்தது. கயிறேற்றம், நடைப்பயணம், குழுவாழ்க்கை எனத் திட்டம் ஏட்டளவில் நன்றாகவே இருந்தது. முகாம்களில் நேர்ந்த சில மரணங்கள் பெற்றோரைக் கலங்கச் செய்தன. அக்கலக்கத்தை மிகை எனக் கூற இயலாது. 2018இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2025இல் சுருங்கிய வடிவில் மீண்டும் தொடங்கியது. எவ்வாறாயினும், கணினி தேர்ந்தெடுத்து அழைக்கும் கட்டாயத் துணிவுக்கும் ஒருவன் தானே தேடிக்கொள்ளும் சோதனைக்கும் இடையே தொலைவு மிகுதி. பன்னிரண்டு வயதில் எழும் பசிக்குப் பதினெட்டு வயதில் உணவிட்டால் இடையில் அவன் எங்கே உண்டான் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் அப்பசிக்கு உணவு இருந்தது. மரமேறுதல், ஆற்றில் மீன்பிடித்தல், வடிகாலைத் தாண்டுதல், செம்மண் திடலில் பந்தாட்டம். லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் யாரோ ஒரு பெரியவர் கண் எப்போதும் பிள்ளைகள்மீது இருக்கும். ஆற்றில் நீர் ஏறினால் ‘டேய், கரைக்கு வாங்கடா’ என்று குரல் வரும். அப்பெரியவருக்குத் தந்தையின் பதற்றம் இல்லை. கும்பல்காரனின் நோக்கமும் இல்லை. இடப்பெயர்வு நிலத்தோடு அவரையும் பறித்துவிட்டது. அடுக்குமாடியின் பத்தாவது மாடியிலிருந்து எவர் குரல் கீழே கேட்கும்? ஆறும் பழைய ஆறன்று. 2019இல் சிம்பாங் ரெங்கம் குப்பைமேட்டுக் கழிவுநீர் பெனுட் ஆற்றுப்படுகையில் கலந்து, அம்மோனியா மிகுந்து, வட்டாரத்துக் குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களே மூடப்பட்டன. குடிக்க ஆகாத ஆற்றில் பிள்ளையைக் குளிக்க விடுவார் உண்டோ?

இது நம் இனத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் விடியற்காலை மூன்று மணியளவில், அதே ஜொகூரின் தலைநகரில், நெடுஞ்சாலையில் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் விரைந்த பதின்ம வயதினர் எட்டுப் பேர் கார் மோதி மாண்டனர். வழக்கு பல நீதிமன்றங்களைக் கண்டு, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநரை விடுவித்தபோது முடிந்தது. அவ்வாண்டுகள் முழுவதும் நாடு ஓட்டுநரையும் பெற்றோரையும் மாறி மாறிக் குறை கூறியது. மிதிவண்டியைக் குனிந்து ஓட்டி வேகம் காணும் ஆசைக்குப் பகலில், காவலோடு, ஒரு தடம் ஏன் இல்லை என்று கேட்டோர் சிலரே.

படம் காணாத பெண்

‘ஜகாட்’ ஆண்களின் உலகம். பெண்கள் அதில் விளிம்பில் நிற்கின்றனர். அப்போயின் வயதொத்த சிறுமி ஒருத்தி என்ன விரும்பினாள் என்று படம் கேட்கவில்லை. இதைக் குறையென்று சுட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆண்பிள்ளை துணிந்தால் ‘ஜகாட்’ என்றேனும் பெயர் கிடைக்கிறது. பெண்பிள்ளையின் துணிவுக்கு அப்பெயரும் இல்லை. அவளுக்குப் பாதுகாப்பு மட்டுமே விதிக்கப்பட்டிருக்கிறது, அதுவும் வீட்டுக்குள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1943இல் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சி ராணிப் படையில் மலாயாவிலிருந்து சேர்ந்தவர்களுள் ரப்பர்த் தோட்டத்து இளம்பெண்கள் பலர். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன் பதினெட்டு வயதில், வீட்டாரின் தயக்கத்தைக் கடந்து, அப்படையில் சேர்ந்து பின்னர் அதன் தலைமைப் பொறுப்புகளில் ஒன்றை ஏற்றார். சீருடை, அணிவகுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, பர்மாவரை பயணம். அப்போரின் அரசியலைப் பற்றி எவ்வகைக் கருத்தும் கொள்ளலாம். தோட்டத்து வீடுகள் தம் மகள்களை அவ்வாறு அனுப்பின என்பது வரலாறு. தமிழ்நாட்டில், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23இல் எவரெஸ்ட்டை அடைந்தார். மகேந்திரனும் மோகனதாசும் ஏறிய அதே நாள், இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின். இத்தகைய மகளிரை மேடையில் வாழ்த்துகிறோம். அடுத்த நாள் நம் வீட்டு மகள் முகாமுக்குப் போகக் கேட்டால் ‘யாரெல்லாம் வருகிறார்கள்?’ என்று தொடங்குகிறோம். அவ்வினா தவறன்று. வினாவுக்கு விடை வந்த பின்னும் அனுப்புவதில்லை என்பதே குறை.

படம் நின்ற இடம்

இனிப் படத்தின் எல்லையைக் கூறலாம். சஞ்சய் குமார் பெருமாள் சிறுவனின் கற்பனைத் திறனை மிகுந்த பரிவோடு காட்டுகிறார். அது எவ்வாறு நசுக்கப்படுகிறது என்பதை மிகையின்றிக் காட்டுகிறார். வன்முறையைக் கொண்டாடும் வணிகப் படங்களின் இழுப்புக்கு ஆளாகாமல், அவற்றைக் கண்டு வளரும் சிறுவனைப் படமாக்கியது தேர்ந்த கலைஞனின் நிதானம். ஆனால் கதை இரண்டே வாயில்களை அமைக்கிறது. ஒன்று தந்தையின் பிரம்பு. மற்றொன்று சிற்றப்பனின் கும்பல். போதையிலிருந்து மீள முயலும் மற்றைய சிற்றப்பனிடம் மூன்றாம் வாயிலுக்கான வித்து இருக்கிறது. விழுந்து எழ முயலும் மனிதனே ஆபத்தின் அளவைச் சொல்லித்தரத் தகுந்தவன். கிளை எங்கே முறியும் என்பதை அவன் உடலே அறியும். கதை அவனை இரக்கத்துக்குரியவனாக நிறுத்திவிடுகிறது, ஆசானாக்கவில்லை.

இவ்வாறு கூறும்போது ஒரு மறுப்பு எழக்கூடும். அக்காலத்தில் அத்தகைய ஆசான் இல்லை; இல்லாதவரைப் படைத்துக் காட்டியிருந்தால் படம் பொய்யாகியிருக்கும் என்பர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. கலை நல்வழி காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது நம் பழைய நோய். மலேசியத் தமிழ்ப் புனைகதையில் திருந்திய இளைஞர் தேவைக்கு மேலாகவே உள்ளனர். ஆயினும் இல்லாத ஒருவரின் இன்மையை உணரச் செய்வது ஒன்று. அவர் இருக்கக்கூடும் என்னும் எண்ணமே எழாமல் செய்வது வேறு. படம் முதலாவதைப் பல இடங்களில் சாதிக்கிறது. இறுதியில் இரண்டாவதில் சரிகிறது. வேறெவ்வாறும் நிகழ்ந்திருக்க முடியாது என்னும் உணர்வோடு பார்வையாளர் எழுந்து செல்கிறார். சிம்பாங் ரெங்கத்தில் அடைத்துவைத்தோரும் ஏறத்தாழ அவ்வாறே கருதினர்: இவன் இப்படித்தான் ஆவான், ஆகவே விசாரணை வேண்டியதில்லை.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து வடக்கே குளுவாங் சென்றால், நகரத்தை ஒட்டியே லம்பாக் மலை எழுகிறது. உயரம் 510 மீட்டர். எவரெஸ்ட்டின் பதினேழில் ஒரு பங்கு. விடுமுறை நாள்களில் முதியோரும் சிறுவரும் ஏறி இறங்குகின்றனர். சற்றுத் தொலைவில் 1,010 மீட்டர் உயரமுள்ள பெலுமுட் மலை. அங்கே வழிகாட்டி வேண்டும், விடியலில் புறப்பட வேண்டும், மழை வந்தால் ஓடை பெருகும். முதல் மலையில் ஏறிய அப்போய் இரண்டாம் மலையைக் கேட்பான். கேட்காவிட்டால் அவன் அப்போய் அல்லன். அப்போது அவனோடு புறப்பட்டு, பாதி வழியில் வானத்தைப் பார்த்து, ‘இன்றைக்குப் போதும் தம்பி, இறங்குவோம், அடுத்த மாதம் வருவோம்’ என்று சொல்லி, சொன்னபடி அடுத்த மாதம் வருவதற்கு ஒருவர் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருக்கலாம், இளைஞர் மன்றத்தாராக இருக்கலாம், சிம்பாங் ரெங்கத்தில் ஈராண்டு இருந்து மீண்ட ஒருவராகவும் இருக்கலாம்.